துடைக்கத் துடைக்க மங்கும் கறுப்பு

கல்யாணமோ குடமுழுக்கோ வந்துவிட்டால் செட்டிநாட்டின் கானாடுகாத்தான், பள்ளத்தூர், தேவகோட்டைத் தெருக்களில் சென்னையிலிருந்தும் கோவையிலிருந்தும் வந்த கார்கள் வரிசையாக நிற்கும். அவற்றுக்குள் எட்டிப் பார்த்தால் அநேகமாக ஒரே காட்சிதான். கியரைச் சுற்றி, நடுத்திரையைச் சுற்றி, கதவில் கண்ணாடி ஏற்றி இறக்கும் பொத்தான்களைச் சுற்றி, முகம் தெரியும் அளவுக்கு மின்னும் கறுப்புப் பட்டை. ‘பியானோ பிளாக்’ என்று ஷோரூமில் சொல்லி விற்பது இதைத்தான். வண்டி எடுத்த அன்று கண்ணைப் பறிக்கும். அடுத்த ஆயுத பூஜை வருவதற்குள், சாய்வெயில் அதன்மேல் விழும்போதெல்லாம் மயிரிழைக் கீறல்கள் வட்டம் வட்டமாகத் தெரியத் தொடங்கும். யார் மேல் பழி போடுவது என்ற பேச்சும் வீட்டில் கூடவே தொடங்கிவிடும்.

டிரைவரைத் திட்டுவார்கள், பிள்ளைகளைத் திட்டுவார்கள். ஆனால் இந்தக் கீறல்களில் பெரும்பகுதி காரைப் பயன்படுத்துவதால் வருவதில்லை, காரைத் துடைப்பதால் வருகிறது. ஏனோதானோவென்று வைத்திருப்பவரின் காரைவிட, தினமும் காலையில் துண்டும் கையுமாக நிற்பவரின் கார்தான் சீக்கிரம் மங்குகிறது. அக்கறை உள்ளவருக்கே இழப்பு அதிகம் என்பது அநியாயமாகத் தோன்றலாம். காரணம் தெரிந்துவிட்டால் அந்த அக்கறையை வேறு வழியில் செலுத்த முடியும்.

முதலில் பொருளைப் பார்ப்போம். பியானோவின் கறுப்பு மெருகு, மரத்தின்மேல் அரக்குப் பாலிஷைப் படலம் படலமாக ஏற்றித் தேய்த்து உண்டாக்கியது. பிற்காலத்தில் லாக்கரும் பாலியெஸ்டர் பூச்சும் அதன் இடத்தைப் பிடித்தன. பியானோவில் விரல் ஓயாமல் படுவது கட்டைகளில்தான். மின்னும் பெட்டியை யாரும் நாள் முழுக்கத் தடவிக்கொண்டிருப்பதில்லை. கார்க்காரர்கள் அந்தத் தோற்றத்தை மட்டும் எடுத்து, கை அதிகம் படும் இடங்களில் கொண்டுவந்து வைத்தார்கள். அடியில் இருப்பது ஏபிஎஸ், அக்ரிலிக், பாலிகார்பனேட் போன்ற பிளாஸ்டிக்குகளில் ஒன்று, அல்லது அவற்றின் கலவை. சில கார்களில் கறுப்பு நிறம் பிளாஸ்டிக்கின் உள்ளேயே கலந்திருக்கும். மேலே எந்தப் பூச்சும் இருக்காது. சிலவற்றில் கறுப்பின்மேல் ஒரு மெல்லிய தெளிபூச்சு இருக்கும். பின்னால் கீறலை நீக்கும்போது இந்த வேறுபாடு பெரிதாகும்.

பூச்சே இல்லாத பிளாஸ்டிக் எப்படி இவ்வளவு மின்னுகிறது என்று கேட்பவர்களை ஆத்தங்குடிக்கு அனுப்பிவைக்கலாம். செட்டிநாட்டு வீடுகளின் தரையில் பதிக்கும் ஆத்தங்குடிக் கல்லைச் சூளையில் சுடுவதில்லை. இரும்புச் சட்டத்துக்குள் ஒரு கண்ணாடித் தகட்டை வைத்து, அதன்மேல் பூவேலை அச்சை வைத்து, சிமெண்டில் குழைத்த நிறங்களை ஒவ்வொரு கட்டத்திலும் ஊற்றுகிறார்கள். அச்சை எடுத்தபின் சிமெண்டும் மணலும் கலந்த கலவையை மேலே நிரப்பிக் கரணையால் இழைக்கிறார்கள். தண்ணீர்த் தொட்டியில் ஊறிப் பதப்பட்டு, காய்ந்து, கண்ணாடியைக் கழற்றும்போது கண்ணாடியின் வழவழப்பு அப்படியே கல்லின் முகத்தில் இறங்கியிருக்கும். கார்ப் பட்டையும் இப்படித்தான் பிறக்கிறது. அங்கே கண்ணாடித் தகட்டின் இடத்தில், முகம் தெரியும்படி மெருகேற்றிய எஃகு அச்சு. சிமெண்டின் இடத்தில் உருகிய பிளாஸ்டிக். இரண்டிலும் பளபளப்பு என்பது அச்சிடமிருந்து வாங்கிய மேல்தோல்தான்.

பிறந்தபின் நடப்பதுதான் வேறு. ஆத்தங்குடிக் கல் காலடி பட்டுப் பட்டு, தேங்காய் எண்ணெய்த் துணி பட்டு ஆண்டுக்கணக்கில் மெருகேறுகிறது. அதில் விழும் சின்னக் கீறல்கள் பூவேலைக்கும் பல நிறங்களுக்கும் நடுவே கண்ணில் படுவதில்லை. பிளாஸ்டிக் அதைவிட மிகவும் மென்மையானது. பட்டையில் பூவேலையும் இல்லை, வேறு நிறமும் இல்லை. கறுப்பு மட்டும்தான்.

கறுப்பு என்பதுதான் விஷயத்தின் மையம் என்பதால் அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். வெளிர்நிறப் பரப்பில் ஒளி பட்டால் பெரும்பகுதி எல்லாத் திசைகளிலும் சிதறித் திரும்புகிறது. அதில் ஒரு கீறல் விழுந்தால் அது சிதறவிடும் ஒளி, ஏற்கெனவே சிதறிக்கொண்டிருக்கும் ஒளியோடு கலந்து காணாமல் போகிறது. பளபளப்பான கறுப்பில் நேர்மாறு. நேராக விழும் ஒளியில் ஏறத்தாழ 4 விழுக்காடுதான் மேற்பரப்பில் பட்டுத் திரும்புகிறது. மீதியை உள்ளேயிருக்கும் நிறமி விழுங்கிவிடுகிறது. திரும்புகிற அந்தச் சிறு பங்கும் ஒரே திசையில் போய்விடுகிறது. அந்தத் திசையில் நம் கண் இல்லையென்றால் நமக்குத் தெரிவது அடர்ந்த கறுப்பு. அந்தக் கறுப்புக்கு நடுவில், ஒரு மைக்ரான் ஆழக் கீறலின் ஓரம் துளி ஒளியைப் பக்கவாட்டில் தெறிக்கவிட்டாலும் அது வெள்ளைக் கோடாகப் பளிச்சிடுகிறது. ஒரு தலைமுடியின் தடிமன் ஏறத்தாழ 70 மைக்ரான். அதோடு ஒப்பிட்டால் நாம் எவ்வளவு சின்னக் காயத்தைப் பார்த்துக் கவலைப்படுகிறோம் என்பது விளங்கும். பக்கத்திலேயே இருக்கும் சொரசொரப்பான சாம்பல்நிற டேஷ்போர்டிலும் இதே கீறல்கள் உண்டு. அங்கே அவை தெரிவதில்லை, அவ்வளவுதான்.

நிழலில் நிற்கும் காரில் செல்போன் டார்ச்சை அந்தப் பட்டைமேல் பிடித்துப் பாருங்கள். வெளிச்சத்தின் பிம்பத்தைச் சுற்றி வளையம் வளையமாகக் கீறல்கள் தெரியும். டார்ச்சை நகர்த்தினால் வளையங்களும் கூடவே நகரும். கீறல்கள் உண்மையில் வளையமாக இல்லை. குறுக்கும் நெடுக்குமாக எல்லாத் திசையிலும் ஓடுகின்றன. ஒளி வரும் திசைக்குக் குறுக்காக அமைந்தவை மட்டும் கண்ணுக்கு ஒளியை அனுப்புவதால் அப்படித் தோன்றுகிறது. வட்டமாகத் துடைத்ததால்தான் வந்தது என்று இதை வைத்து யாரையும் குற்றம் சொல்ல முடியாது.

இனி நம் ஊர்ப் புழுதி. காரைக்குடியைச் சுற்றிச் செம்மண்ணும் செம்புறாங்கல்லும்தான். மழை குறைந்த மாதங்களில் ஒரு லாரி கடந்தால் போதும், திறந்திருக்கும் கார்க் கண்ணாடி வழியாக உள்ளே சிவப்புப் படலம் படிந்துவிடும். மண்ணில் இருக்கும் மணல்துகள் பெரும்பாலும் குவார்ட்ஸ். கடினத்தன்மையை அளக்கும் மோஸ் அளவுகோலில் அது 7; ஜன்னல் கண்ணாடி ஏறத்தாழ 5.5. கண்ணாடியையே கீறக்கூடிய துகளுக்கு பிளாஸ்டிக் எம்மாத்திரம்? துகள் சும்மா படிந்திருக்கும்வரை எந்தத் தீங்கும் இல்லை. அதன்மேல் துணியை வைத்து அழுத்தி இழுக்கும் அந்த ஒரு நொடியில்தான் கீறல் பிறக்கிறது. காய்ந்த துணியால் பிளாஸ்டிக்கைத் தேய்த்தால் நிலைமின்னூட்டம் ஏறி, துடைத்து முடித்த கையோடு பட்டை மறுபடியும் தூசியை இழுக்கிறது. தூசியைக் கண்டதும் மறுபடியும் துடைக்கிறோம். இந்தச் சுழலில்தான் ஆறே மாதத்தில் மெருகு போகிறது.

காரைக்குடியில் ஒரு வீட்டு வாசலில் இதைப் பற்றி நடந்த பேச்சு நினைவிருக்கிறது. “தூசி இருந்தால்தானே ஆச்சி கீறும்? நான்தான் தினமும் துடைத்துவிடுகிறேனே” என்றார் டிரைவர். ஆச்சி குனிந்து, திரைக்கும் டேஷ்போர்டுக்கும் நடுவே விரல் நுழையாத சந்தைக் காட்டினார். “அப்படியென்றால் உன் துணி போகாத இந்த இடம் மட்டும் ஏன் தம்பி இன்னும் புதிதாக இருக்கிறது?” சந்துக்குள் தூசி அடர்ந்து கிடந்தது. ஈரத்துணியின் முனையால் அதை ஒற்றி எடுத்ததும் கீழே ஒரு கீறல்கூட இல்லாத கறுப்பு தெரிந்தது. அதற்கு இரண்டு விரல்கடை தள்ளி, தினமும் துணி பட்ட இடம் சாம்பல் பூத்திருந்தது. இதைவிடத் தெளிவான சான்றை நான் கண்டதில்லை.

டிரைவரின் கையில் இருந்தது பனியன் வேஸ்ட். கைக்கு மென்மையாக இருக்கும். ஆனால் அதில் தையல் விளிம்பு இருக்கும், நைலான் நூல் இருக்கும், நேற்று பானட்டைத் துடைத்தபோது ஏறிய மணலும் இருக்கும். சக்கரத்துக்கும் உட்புறத்துக்கும் ஒரே துணி என்றால் அது துணியே இல்லை, உப்புத்தாள்தான்.

நம் பக்கத்துக்கே உரிய இன்னொன்றையும் சொல்ல வேண்டும். புது வண்டி எடுத்தால் பிள்ளையார்பட்டிக்கோ குன்றக்குடிக்கோ கொண்டுபோய்ப் பூஜை போடாமல் ஓட்டுகிறவர்கள் இங்கே குறைவு. ஸ்டீயரிங்கிலும் டேஷ்போர்டிலும் சந்தனம், குங்குமம், திருநீறு வைப்பது மங்கலம். அதை யாரும் விட வேண்டியதில்லை. மறுநாள் அது காய்ந்து பொருக்காகியதும் விரல் நகத்தால் சுரண்டி எடுப்பதும், உள்ளங்கையால் தட்டித் தேய்ப்பதும்தான் கெடுதல். திருநீறு பசுஞ்சாணச் சாம்பல். மாடு தின்ற வைக்கோலில் இருந்த சிலிக்கா அதில் தங்கியிருக்கிறது. குங்குமத்தில் மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்த சாயம் இருப்பதால் நாள்பட விட்டால் கறையும் பிடிக்கலாம். பொட்டைப் பளபளக்கும் பட்டையில் வைக்காமல் ஸ்டீயரிங்கின் சொரசொரப்பான நடுப்பகுதியில் வைக்கலாம். பட்டையில் வைத்தே ஆக வேண்டுமென்றால், எடுக்கும்போது ஈரத்துணியைச் சில நிமிடம் அதன்மேல் போட்டு ஊறவிட்டு ஒற்றி எடுக்க வேண்டும்.

சுத்தம் செய்வதற்கும் இதுதான் வழி: முதலில் துகளை அகற்று, பிறகு ஈரப்படுத்து, கடைசியில் தொடு. கேமரா லென்ஸுக்கு ஊதும் ரப்பர் குமிழாலோ, முகப்பவுடர் பூசும் மெல்லிய தூரிகையாலோ தூசியை அழுத்தாமல் தட்டிவிடலாம். பிறகு சுத்தமான மைக்ரோஃபைபர் துணியை நனைத்துப் பிழிந்து பட்டைமேல் அப்படியே விரித்து வையுங்கள். மிச்சத் தூசி ஈரத்தில் ஏறிக்கொள்ளும். துணியைச் சுருட்டாமல் மேலே தூக்கி, மடிப்பை மாற்றி, எடையே இல்லாமல் ஒரே திசையில் ஒரு முறை இழுத்தால் போதும். விரல் பிசுக்கு இருந்தால் தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு சொட்டு. உப்புப் பிடித்த போர்த் தண்ணீர் காய்ந்தால் வெள்ளைப் புள்ளி விழும் என்பதால் குடிக்கிற தண்ணீரையே பயன்படுத்துவது நல்லது. பொத்தான்களின் இடுக்கில் நீர் இறங்கும் என்பதால் நேராகத் தெளிக்கக் கூடாது. வெயிலில் சுட்டுக்கிடக்கும் வண்டியில் இதைச் செய்யவும் வேண்டாம். காலையில் நிழலில் செய்யலாம். மைக்ரோஃபைபரும் மாயத் துணி கிடையாது. கீழே விழுந்து மண் ஏறினால் அதுவும் கீறும். தனியாகத் துவைத்து, துணி மென்மையாக்கும் திரவம் சேர்க்காமல் காயவைத்தால்தான் அதன் நுண்ணிழைகள் வேலை செய்யும்.

விழுந்துவிட்ட கீறலுக்கு என்ன செய்வது? முதலில் ஆழம் தெரிய வேண்டும். விரல் நகத்தைக் கீறலுக்குக் குறுக்கே மெல்ல ஓட்டுங்கள். நகம் இடறாவிட்டால் மேலோட்டமானது, மெருகேற்றிப் போக்கலாம். நகம் சிக்கினால் அது சாவியோ மோதிரமோ போட்ட காயம். மெருகால் முழுமையாகப் போகாது. கீறல்மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்துப் பார்ப்பது இன்னொரு சோதனை. நீருக்குள் கீறல் ஏறக்குறைய மறைந்துவிட்டால் நல்ல அறிகுறி. கீறல் கண்ணில் படுவதற்குக் காரணம், பிளாஸ்டிக்கும் காற்றும் ஒளியை வளைக்கும் அளவில் இருக்கும் வேறுபாடு. காற்றின் ஒளிவிலகல் எண் 1, அக்ரிலிக்கினது 1.49. நடுவில் 1.33 கொண்ட தண்ணீர் பள்ளத்தை நிரப்பியதும் வேறுபாடு குறைகிறது.

தேங்காய் எண்ணெய் தடவினால் கீறல் போய்விடும் என்று பலரும் நம்புவதற்கும் இதுவே காரணம். தேங்காய் எண்ணெயின் ஒளிவிலகல் எண் ஏறத்தாழ 1.45, தண்ணீரைவிட அக்ரிலிக்குக்கு நெருக்கம். பள்ளத்தை அது நிரப்பியதும் பட்டை புதிதாகிவிட்டதுபோல் தோன்றும். கீறல் அங்கேயேதான் இருக்கிறது. எண்ணெய்ப் பசையில் மறுநாள் செம்மண் ஒட்டும், அதைத் துடைக்கும்போது பத்துக் கீறலுக்கு நூறு கீறல் விழும். ஆத்தங்குடிக் கல்லுக்கு மருந்தாகும் எண்ணெய் இங்கே நஞ்சாகிறது. பளபளப்புக்கென்று விற்கும் டேஷ்போர்டு ஸ்பிரேக்களில் எண்ணெய்ப் பசை விடுபவற்றின் கதையும் இதேதான். பற்பசையையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். அதிலுள்ள தேய்ப்புத் துகள் பல்லுக்கென்று சேர்த்தது. கீறலைப் போக்குவதாக நினைத்து, பட்டை முழுவதையும் புகைபடிந்ததாக்கிவிடும்.

ரசாயனங்களைப் பற்றி இன்னும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். நகப்பாலிஷ் நீக்கும் அசிட்டோன் ஏபிஎஸ் பிளாஸ்டிக்கைக் கரைக்கவே கரைக்கும். ஆல்கஹால் கலந்த கைச்சுத்திகரிப்பான் அக்ரிலிக்கில் மயிரிழை வெடிப்புகளை உண்டாக்கலாம். அம்மோனியா கலந்த கண்ணாடித் துடைப்பான் பாலிகார்பனேட்டுக்கு ஆகாது. டீட் கலந்த கொசுவிரட்டிக் களிம்பைக் கையில் பூசிக்கொண்டு கதவுப் பொத்தானைத் தொட்டாலே அச்சு விழக்கூடும். இவை போடும் தழும்பு பிளாஸ்டிக்குக்குள்ளேயே நடந்த மாற்றம். துடைத்தால் போகாது.

மேலோட்டமான கீறலுக்கு பிளாஸ்டிக்குக்கென்றே விற்கும் மெருகுக் குழம்பு இருக்கிறது. அதிலுள்ள மிக நுண்ணிய தேய்ப்புத் துகள்கள் கீறலின் கூரான ஓரங்களைத் தேய்த்துச் சமப்படுத்துகின்றன. கீறலை அது நிரப்புவதில்லை. சுற்றியுள்ள மேற்பரப்பைக் கீறலின் மட்டத்துக்கு இறக்குகிறது. ஒவ்வொரு முறை மெருகேற்றும்போதும் கொஞ்சம் பொருள் போகிறது. அதனால்தான் இதை மாதாமாதம் செய்யக் கூடாது என்கிறேன். பொத்தான்களைச் சுற்றிக் காகித ஒட்டுநாடா ஒட்டி, பஞ்சுத்திண்டில் பட்டாணி அளவு குழம்பு எடுத்து, கண்ணில் படாத ஒரு மூலையில் முதலில் சோதியுங்கள். அங்கே திட்டாக மங்கினால் மேலே தெளிபூச்சு இருக்கிறது, அது மெருகைத் தாங்கவில்லை என்று பொருள். அத்தோடு நிறுத்திவிட வேண்டும். நிறம் உள்ளேயே கலந்த பட்டை என்றால் துணிந்து தொடரலாம், எவ்வளவு தேய்ந்தாலும் அடியில் அதே கறுப்புதான். பாலிஷ் இயந்திரம் வைத்திருப்பவர்கள் மிகக் குறைந்த வேகத்தில் ஓட்ட வேண்டும். ஏபிஎஸ்ஸும் அக்ரிலிக்கும் ஏறத்தாழ 100 டிகிரி செல்சியஸிலேயே இளகத் தொடங்கும். ஒரே இடத்தில் சில நொடிகள் உராய்ந்தாலே அந்தச் சூடு வந்துவிடலாம்.

நகம் சிக்கும் கீறலை 2000, 3000 எண் உப்புத்தாளால் ஈரம் வைத்துத் தேய்த்துப் பிறகு மெருகேற்றலாம் என்பார்கள். பூச்சில்லாத பட்டையில் கைதேர்ந்தவர்களுக்கு அது சாத்தியம். வீட்டில் முயல வேண்டாம் என்பது என் கருத்து. தேய்த்த இடம் லேசாகப் பள்ளமாகி, அதில் தெரியும் பிம்பம் நெளியும். கீறலைவிட அந்த நெளிவுதான் அதிகம் உறுத்தும். அதற்குப் பதில் அந்தப் பட்டையை மட்டும் புதிதாக வாங்கி மாற்றலாம். பல கார்களில் கியரைச் சுற்றியுள்ள சட்டம் தனி உதிரிப்பாகமாகவே கிடைக்கிறது. மாற்றாமல் மூடிவிடுவது இன்னொரு வழி: மெருகு குறைந்த கறுப்பு வினைல் ஒட்டினால் கீறலும் மறையும், நண்பகல் வெயில் பட்டுக் கண்ணில் அடிக்கும் கூச்சமும் போகும். பளபளப்பு வேண்டாம் என்று துணிகிறவர்களுக்கு இதைவிட நிம்மதியான வழி தெரியவில்லை.

காயம் எங்கே அதிகம் விழுகிறது என்று பார்த்து அந்த இடத்தை மட்டும் காப்பதும் நல்லது. இங்கே பூர்விக வீடுகளின் சாவிக்கொத்தைத் தூக்கிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். முகப்புக் கதவுக்கும் உள்ளறைகளுக்கும் உரிய இரும்புச் சாவிகள் சேர்ந்தால் கை வலிக்கும். ஊருக்கு வந்து வீட்டைத் திறந்து, பூட்டி, அந்தக் கொத்தைக் கியர் பக்கத்துப் பள்ளத்தில் போட்டுவிட்டுத் தார்ச்சாலையில் இருபது கிலோமீட்டர் ஓட்டினால் என்ன ஆகும்? அந்தப் பள்ளத்தில் ஒரு ரப்பர் விரிப்பு போட்டுவிட்டால் முடிந்தது.

இவ்வளவு தொல்லை இருந்தும் கார் நிறுவனங்கள் இதை ஏன் விடவில்லை? திரை அணைந்திருக்கும்போது கறுப்பாக இருக்கிறது. சுற்றிலும் அதே கறுப்பு இருந்தால் திரையின் விளிம்பு தெரியாமல் எல்லாம் ஒரே பலகையாகத் தோன்றும். மரத்தையோ உலோகத்தையோ வைக்கும் செலவு இல்லாமல், அச்சிலிருந்து வெளிவந்ததுமே விலையுயர்ந்த தோற்றம் கிடைத்துவிடுகிறது. ஷோரூம் வெளிச்சத்தில் அதுதான் வண்டியை விற்கிறது. ஆறாவது மாதத்தில் அதைப் பார்த்து வருந்துபவர் வாங்கியவர்தான். கை அதிகம் படும் இடத்தில் இப்படியொரு பொருளை வைத்துவிட்டு, மென்மையான துணியால் துடைக்கவும் என்று கையேட்டில் ஒரு வரி எழுதிவிடுவது போதாது என்றுதான் நான் நினைக்கிறேன். ஒரே காரின் வெவ்வேறு வகைகளில் பட்டையின் மேற்பரப்பு மாறுவதுண்டு. சொரசொரப்பான பட்டை உள்ள வகை கிடைத்தால் தயங்காமல் அதையே கேட்டு வாங்கலாம்.

பளபளப்புதான் வேண்டும் என்பவர்கள் முதல் நாளே காப்புப்படலம் ஒட்டிவிட வேண்டும். டிபியு எனப்படும் பாலியூரிதேன் படலம் பெரும்பாலும் 150 முதல் 200 மைக்ரான் தடிமன் கொண்டது. தரமானவற்றில் விழும் மயிரிழைக் கீறல்கள் சூடு பட்டால் தாமாகவே மறையும். செட்டிநாட்டு வெயிலில் நிற்கும் காருக்கு அந்தச் சூடு தேடாமலே கிடைக்கிறது. செராமிக் கோட்டிங் இதற்கு ஈடாகாது. பிசுக்கு ஒட்டாமல் துடைக்க எளிதாக்கும், ஆனால் மிக மெல்லியது என்பதால் மணலைத் தடுக்காது. தொழிற்சாலையில் ஒட்டி அனுப்பும் மெல்லிய பிளாஸ்டிக் தாளைக் கிழிக்காமல் மாதக்கணக்கில் வைத்திருப்பதும் காப்பாகாது. வெயிலில் மூடிக்கிடக்கும் காரின் டேஷ்போர்டு 70 டிகிரி செல்சியஸைத் தாண்டுவதுண்டு. அந்தச் சூட்டில் அதன் பசை இறுகிப் பட்டையிலேயே தங்கிவிடும். அதை உரித்து, கீழே தூசி படியும் முன் காப்புப்படலத்தை ஒட்டி, அதன் பிறகு வண்டியைப் பிள்ளையார்பட்டிக்கு எடுத்துச் செல்லுங்கள். ஸ்டீயரிங்கில் ஒட்டும்போது மட்டும், ஏர்பேக் விரியும் மூடியின்மேலோ அதன் இடைவெளிக்குக் குறுக்காகவோ படலம் வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.